அக்காவின் சுருதி

“நீ பாடும்போது பெரியம்மா ஏம்மா ஒளிஞ்சுக்கிறாங்க?”

பாடகியின் மகளுக்கு அப்போது நாலு வயது. வானொலியில் அம்மாவின் பாட்டு போய்க்கொண்டிருந்தது. குழந்தை பெட்டியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தது. அங்கே ஒயரும் ஒட்டடையும்தான் இருந்தன. திரும்பி வந்து இந்தக் கேள்வியைக் கேட்டது.

அம்மாவின் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் ஓடுகிறது என்பதே பெரியவர்கள் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதை எதிரொலி என்று நினைத்துக்கொண்டார்கள். குழந்தைக்கு மட்டும் அது பெரியம்மா என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. பாடகி “போடி வாயாடி” என்று சிரித்தாள். அக்காவும் அங்கேதான் துணி மடித்துக்கொண்டு இருந்தாள். “பெரியம்மாவுக்கு வெக்கம்டா செல்லம்” என்று பிள்ளையை இழுத்து முத்தம் கொடுத்தாள். பேச்சு அத்தோடு போயிற்று.

அக்காவுக்கும் தங்கைக்கும் ஆறு வயது வித்தியாசம். அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று சொல்கிற குரல் அவளுடையது. கிணற்றடியிலிருந்து வருவதுபோல ஆழமான குரல். “பஸ் ஒரு மணி நேரம் லேட்டுன்னு நான் சொன்னா ஜனங்க திட்டமாட்டாங்கடி. தூங்கிடுவாங்க” என்று தன்னையே கேலி செய்துகொள்வாள்.

தங்கை பாட்டு எழுதுவாள், மெட்டுப் போடுவாள், கிதாரை வாசித்துக்கொண்டு பாடுவாள். இரண்டு ஆல்பங்கள் வந்திருந்தன. இரண்டும் சமையலறையில் பதிந்தவை. குளிர்பதனப் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, இருவருக்கும் நடுவே ஒரே ஒரு மைக். தங்கை ஒரு சாண் தூரத்தில் நிற்பாள். அக்கா இரண்டடி பின்னால். உறையில் தங்கையின் படமும் பெயரும் மட்டும் இருந்தன. “என் பேரெல்லாம் போடாதே. டிப்போவுல ஒருத்தன் விடாம கிண்டல் பண்ணுவான்” என்று அக்கா சொல்லிவிட்டாள். தங்கை ஒருமுறைக்கு இரண்டு முறை வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தவில்லை.

சுருதி சேர்ப்பதற்கு அவர்களிடம் எந்தக் கருவியும் கிடையாது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, தனக்குச் சௌகரியமான இடத்தில் ‘ம்’ என்று இழுப்பாள். தங்கை கிதாரின் ஒரு தந்தியை அந்த ‘ம்’மோடு சேர்ப்பாள். மற்ற தந்திகள் அதன் பின்னால் வரும். பதினாலு வருஷமாக இதுதான் முறை. அக்காவுக்கு ஜலதோஷம் பிடித்தால் பாட்டுக்கும் ஜலதோஷம் பிடிக்கும்.

மூன்றாவது ஆல்பத்துக்கு ஒரு கம்பெனி முன்வந்தது. நல்ல ஸ்டூடியோ, பியானோ, டிரம்ஸ், எட்டு வயலின்கள், எல்லாவற்றையும் கோத்துக் கொடுக்க ஓர் அரேஞ்சர். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. தங்கை வேண்டாம் என்று சொல்வாளா? நாற்பது நாற்காலி போட்ட கூடங்களில் பாடிப் பாடி அவள் அலுத்திருந்தாள். “பாவம், ஒத்தைக் கிதாரை வச்சிக்கிட்டு எவ்வளவு நல்லா பாடுது” என்று யாராவது சொன்னால், அந்தப் ‘பாவம்’ அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தும். பாட்டு பெரிதாக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அந்த ஆசையில் தப்பில்லை.

ஸ்டூடியோவில் முதல் நாள். தலைமுடி சுருள் சுருளாக இருந்ததால் எல்லாரும் அரேஞ்சரைச் சுருட்டை என்றே கூப்பிட்டார்கள். நல்ல பிள்ளை. தேநீர் வந்தால் தன் கையால் எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் தான் குடிப்பான். அவன் பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினான். தங்கை கிதாரை மீட்டினாள். இரண்டும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் நின்றன.

“என்னக்கா இது, எந்த நாட்டுச் சுருதி? ஒரு கட்டைக்கு மேல இறங்கிக் கிடக்கு!” என்றான் அவளிடம்.

எல்லாரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். ‘இது எங்க அக்காவோட சுருதி’ என்று ஒரு வார்த்தை அவள் அப்போது சொல்லியிருக்க வேண்டும். நினைப்பே வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. ஆனால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் சமையலறையையும் கம்பளியையும் பற்றிப் பேச அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முறுக்காணிகளைத் திருகி, கிதாரைப் பியானோவின் உயரத்துக்கு ஏற்றிவிட்டாள்.

ஏற்றியதும் அவள் குரல் பளிச்சென்று வெளியே வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இவ்வளவு நாளா இதை எங்க வச்சிருந்தீங்க?” என்றான் சுருட்டை. இரண்டு வாரத்தில் பியானோ பதிவாயிற்று, டிரம்ஸ் பதிவாயிற்று, வயலின்காரர்கள் எட்டுப் பேரும் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். தங்கையும் பாடி முடித்தாள். கடைசியில் அக்கா வந்தாள்.

அன்றைக்கு அக்கா நல்ல உடுப்பாக உடுத்தியிருந்தாள். தலையைப் படிய வாரியிருந்தாள். வண்டியில் வரும்போதே அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். “எட்டு வயலினா? எட்டுப் பேரும் நம்ம பாட்டையா வாசிச்சாங்க?” என்று சிறுபிள்ளைபோலக் கேட்டாள். ஹெட்போனை மாட்டியதும் அவள் கண்கள் விரிந்தன. தங்கையைப் பார்த்து, “அடி சிட்டு, கோட்டை மாதிரி இருக்குடி” என்றாள்.

பிறகு பாட ஆரம்பித்தாள்.

முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில், பாட்டு ஏறுகிற இடத்தில், அவள் குரல் தகரத்தைக் கீறினாற்போல உடைந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி பாடினாள். மறுபடியும் அங்கேயே உடைந்தது. மூன்றாம் முறை அந்த இடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

‘ஒரு கட்டை இறக்கிக்கலாமா?’ என்று கேட்க வேண்டியவள் தங்கை ஒருத்திதான். இறக்கினால் வயலின்காரர்கள் மறுபடி வர வேண்டும், பியானோ மறுபடி, எல்லாமே மறுபடி. தங்கை தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். “காலையிலேர்ந்தே தொண்டை கட்டியிருக்கு. நான் வந்திருக்கவே கூடாது. நீங்க வேலையைப் பாருங்கப்பா. இன்னைக்கு எனக்கு மத்தியான டூட்டி வேற, நேரமாச்சு” என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். போகிற போக்கில் தங்கையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

சுருட்டை தங்கைக்கு ஆறுதலாகச் சொன்னான்: “கவலைப்படாதீங்கக்கா. உங்க குரலையே நாலு அடுக்கா வச்சுடலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.”

தங்கை தன் குரலுக்கு அடியில் தானே நாலு முறை பாடினாள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அன்று அவள் படியிறங்கும்போது ஒலிப்பதிவாளர் பின்னாலேயே வந்தார். அதிகம் பேசாத மனிதர். சட்டைப் பையில் எப்போதும் இருமல் மிட்டாய் வைத்திருப்பார், யார் இருமினாலும் ஒன்று நீட்டுவார்.

“ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கமாட்டீங்களே? உங்க அக்காவுக்குத் தொண்டை கட்டலை. சுருதிதான் எட்டலை.”

தங்கை கிதார்ப் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

“வியாழக்கிழமை மத்தியானம் இங்க யாரும் வரமாட்டாங்க. கிதாரைப் பழையபடி இறக்கிக்கிட்டு ரெண்டு பேரும் வாங்க. ஒரே மைக் போதும். ஆல்பத்துல சேர்க்கிறதும் சேர்க்காததும் அப்புறம் பார்க்கலாம். அந்தக் குரல் ஒரு தடவை ஒழுங்காப் பதிவாகட்டும்.”

“அக்காவைக் கேட்டுச் சொல்றேங்க.”

கேட்கவில்லை. கேட்டால், ‘நீ சொன்னது பொய்னு எனக்கு அன்னைக்கே தெரியும்’ என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று அக்கா கேட்கமாட்டாள். கேட்காமல் இருப்பாளே, அதுதான் தாங்காது. முதல் வியாழன் உறைக்குப் படம் எடுக்கிறார்கள் என்று போயிற்று. இரண்டாவது வியாழன் சும்மாவே போயிற்று. ஒவ்வொரு வியாழனும் காலையில் ஒலிப்பதிவாளரிடமிருந்து செய்தி வரும்: ‘இன்று அறை காலி.’ அவ்வளவுதான். வற்புறுத்தலும் இருக்காது, கோபமும் இருக்காது. நாலு வியாழன் அப்படி வந்தது.

ஐந்தாவது வியாழன் வருவதற்குள் அத்தான் போன் செய்தார். “பதறாம கேளும்மா. உங்க அக்காவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. கழுத்துல ஒரு கட்டி. இன்னைக்கு ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. நல்லா இருக்கா.”

தங்கை ஓடினாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், சுவரோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தான் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு ஏன் அத்தான் முன்னாலேயே சொல்லலை?”

“சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. ரெக்கார்டிங் முடியற வரைக்கும் சிட்டுகிட்ட மூச்சு விடாதீங்க, அவ மனசு கலைஞ்சா பாட்டு கலைஞ்சுடும்னா.”

“ரெக்கார்டிங் அப்பவே தெரியுமா?”

“அதுக்கு முன்னாலேயே தெரியும்மா. நரம்பை ஒட்டி இருக்கு, குரல் எப்படி ஆகும்னு சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதனாலதானே லீவு போட்டுட்டு அங்க வந்தா? ஒரு தடவை நல்லபடியாப் பாடி வச்சிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுக் கிளம்பினா.”

“டூட்டி இருக்குன்னு சொன்னாளே…”

“ஏது டூட்டி? சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தா. எங்கடி போனேன்னு கேட்டா, பார்க்ல உக்காந்து கடலை தின்னேங்கறா. பாட்டு நல்லா வந்ததான்னு கேட்டேன். பிரமாதம்னா.” அத்தான் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். “பிரமாதமா வந்ததாம்மா?”

தங்கை தலையை ஆட்டினாள். அந்தப் பொய்க்குக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

டாக்டர் அம்மாள் வந்து நின்றபடியே சொன்னார்: “பேச்சு வந்துடும். முதல்ல கரகரன்னு இருக்கும், சீக்கிரம் களைச்சுப் போகும். பாட்டு வரும்னு எதிர்பார்க்காதீங்க. ஆள் பிழைச்சிருக்காங்க, அதை நினைச்சுக்குங்க.”

உள்ளே அக்கா கழுத்தில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேசக்கூடாது. கையில் ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். தங்கையைப் பார்த்ததும் எழுதிக் காட்டினாள்: ‘உங்க அத்தானுக்கு யோகம். பத்து நாள் வீட்டுல சத்தமே இருக்காது.’ தங்கை சிரிக்க முயன்று அழுதாள். அக்கா அடுத்த பக்கத்தைப் புரட்டி எழுதினாள்: ‘ஆல்பம் எப்போ வருது? வயலின் வர்ற இடம் நல்லா கேக்குதா?’

தங்கை கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…”

அக்கா பென்சிலின் முனையால் அவள் கையில் மெல்லத் தட்டினாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தாள். நோட்டை மூடி வைத்தாள். அதற்குமேல் அந்தப் பேச்சு அவர்களுக்குள் என்றைக்கும் வரவில்லை.

தாழ்வாரத்தில் அத்தானுக்கு இன்னொரு கவலை இருந்தது. அக்காவின் வேலை ஒப்பந்த வேலை. இருக்கை இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் காலியாகக் கிடந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அக்காவுக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் ஆபரேஷனை ஒரு மாதம் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தங்கை பேருந்து நிலையத்துக்குப் போனாள். நிலையப் பொறுப்பாளர் பாட்டுக் கேட்கிற பழக்கம் இல்லாதவர். அவள் முகம் அவருக்குப் பத்தோடு பதினொன்று.

“உறவுக்காரங்களா? குரல் இருக்கா? சரி. ஆள் வந்தா எனக்குப் போதும். இடம் அவங்க பேர்லயே இருக்கட்டும்.”

“நான் வந்தது அவங்களுக்குத் தெரிய வேணாங்க. தற்காலிக ஆளுன்னு மட்டும் சொன்னாப் போதும்.”

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். “அவங்க என் அம்மா செத்தப்ப மூணு நாள் ரெண்டு ஷிஃப்ட்டும் பார்த்தவங்க. அதை யார்கிட்டயும் சொல்லலை. நானும் இதைச் சொல்லமாட்டேன்” என்றார். சாவியைக் கொடுத்தார்.

அறிவிப்பு அறை ஒரு அலமாரியைவிடக் கொஞ்சம் பெரியது. ஒட்டுப்பலகைச் சுவர், மங்கிய கண்ணாடி, கழுத்து வளைந்த ஒரு மைக். ஆணியில் வண்டி நேரங்களும் அறிவிப்புகளும் எழுதிய அட்டை. தங்கை கண்ணை மூடி, ‘சாமி, தப்பில்லாம வழி சொல்ல வை’ என்று வேண்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். முதல் வண்டியைச் சொல்லி முடிக்கவில்லை, ஒரு கண்டக்டர் கண்ணாடியைத் தட்டினார்.

“யாரும்மா அது, கச்சேரி வைக்கிறியா? வண்டி நம்பரை நிறுத்திச் சொல்லு. ஜனம் பாட்டுக் கேக்க வரலை, ஊருக்குப் போக வந்திருக்கு!”

தங்கை குரலை இறக்கினாள். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். மூன்றாம் நாள்தான் அந்த இடம் அவளுக்குப் பிடிபட்டது. இரைச்சலுக்கு அடியில், எந்த ஹாரனும் எட்டாத ஓர் ஆழத்தில், வார்த்தை தெளிவாக நின்றது. அக்கா பதினாலு வருஷம் கண்ணை மூடி ‘ம்’ என்று இழுத்தது அங்கேதான்.

ஆறாம் நாள் ஆல்பம் வெளிவந்தது. காலை எட்டு மணிக்கு வானொலியில் பேட்டி என்று கம்பெனிக்காரர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். “காலையில வேற வேலை இருக்கு” என்றாள். “இதைவிட என்னக்கா வேலை?” என்று சுருட்டை போனில் ஏறக்குறைய அழுதான். அவள் எத்தனை மன்னிப்புக் கேட்டும் அவன் சமாதானமாகவில்லை. எட்டு மணிக்கு அவள் ஏழாம் மேடையிலிருந்து புறப்படும் வண்டியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்திரிகைகள் மறுநாள் எழுதின: குரல் பொலிவு கண்டிருக்கிறது, இசை நிறைந்திருக்கிறது. ஒன்றும் பொய்யில்லை. ஆஸ்பத்திரியில் அக்கா முழு ஆல்பத்தையும் கேட்டுவிட்டு, நோட்டில் ‘ரொம்ப ரொம்ப நல்லா இருக்கு’ என்று எழுதி அடியில் கோடு போட்டாள். தன் குரல் அதில் எங்கே என்று எழுதவில்லை. 

எட்டாம் நாள் அவள் ஒன்றைக் கவனித்தாள். அலுவலகம் கொடுத்திருந்த அறிவிப்புகள் எல்லாம் நீளம் நீளமாக இருந்தன. பயணிகளின் கனிவான கவனத்துக்கு என்று தொடங்கி, சுற்றி வளைத்து, மூச்சு முட்டுகிற இடத்தில் வண்டி எண் வரும். நல்ல தொண்டைக்கே மத்தியானத்துக்குள் வறண்டு போகிறது. சீக்கிரம் களைத்துப் போகும் என்று டாக்டர் அம்மாள் சொன்ன தொண்டை இதை எப்படித் தாங்கும்?

பொறுப்பாளரைக் கேட்டாள். “சுருக்கமா இருந்தா எனக்கென்ன, ஜனத்துக்கும் சீக்கிரம் புரியும். வண்டியும் நேரமும் தப்பாம இருந்தாச் சரி” என்றார்.

அன்றிலிருந்து வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே அவள் எழுதினாள். இதற்குமுன் அவள் எந்தப் பாட்டுக்கும் இவ்வளவு பாடுபட்டதில்லை. முப்பத்துநாலு அறிவிப்புகள். ஒவ்வொன்றும் அரை மூச்சில் முடிய வேண்டும். வண்டி எண் முதலில், குரல் களைக்கும் முன்பே வந்துவிட வேண்டும். உரக்கச் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றும் இருக்கக் கூடாது. கரகரத்த குரலில் நசுங்கிப்போகும் சொற்களை அடித்துவிட்டு, அந்தக் குரலிலும் நிற்கிற சொல்லைத் தேடினாள். மைக்கை அணைத்துவிட்டு, தொண்டையை வேண்டுமென்றே நெரித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். இடறினால் மாற்றினாள். ஒரு வரியை ஒன்பது முறை மாற்றினாள்.

பதின்மூன்றாம் நாள் இரண்டு மணிக்கு அவள் முறை முடிந்தது. மறுநாள் அக்கா வருகிறாள். தங்கை புது அட்டையை, தன் கையெழுத்து என்று தெரியாதபடி அச்செழுத்துப் போலப் பெரிது பெரிதாக எழுதி முடித்திருந்தாள். பழைய அட்டையைக் கழற்றிவிட்டு ஆணியில் அதை மாட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டாமல் படிக்க முடிகிறதா என்று பார்த்தாள். கொஞ்சம் உயரம். எழுந்து, ஆணியைப் பிடுங்கி, ஒரு சாண் கீழே இறக்கி அடித்தாள்.

கண்ணாடிக்கு வெளியே ஜனங்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் மின்விசிறியை அணைத்தாள், கதவைப் பூட்டினாள், சாவியைப் பொறுப்பாளரின் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு ஜனங்களோடு ஜனமாக நடந்தாள்.